சாமி அறைக்குள் இருந்த ரூட்டர்

எங்கள் பங்குச் சுவாமியார் என்னிடம் அரைப் பக்கம் கேட்டார். "பங்கு மடலின்ர கடைசிப் பக்கத்தில போடுவம். வயது போனவைக்கு விளங்கிற மாதிரி மோடம் எண்டால் என்ன, ரூட்டர் எண்டால் என்ன, வைஃபை எண்டால் என்ன எண்டு எழுதித் தாங்கோ. அவ்வளவுதான்," என்றார். பழைய செம்புக் கம்பித் தொலைபேசி இணைப்புகளை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் இணையத்தின் வழியே கொண்டுவரப் போகிறார்கள் என்று வீடுகளுக்குக் கடிதம் வரத் தொடங்கியிருந்த நேரம் அது. பூசை முடிந்து வெளியே வரும் என்னை மறித்துச் சந்தேகம் கேட்கும் வரிசை, பாவசங்கீர்த்தனத்துக்கு நிற்கும் வரிசையைவிட நீண்டுகொண்டிருந்தது. சுவாமியாருக்கு அது பொறுக்கவில்லை என்று நினைக்கிறேன்.

நானும் எழுதத்தான் உட்கார்ந்தேன். "மோடம் என்பது" என்று தொடங்கி மூன்று தாளைக் கிழித்தேன். சொல்லுக்குப் பொருள் எழுதுவது பெரிய வேலை இல்லை. அந்தச் சொல் எங்கள் ஆட்களின் வீட்டுக்குள் போனபின் என்ன பாடுபடுகிறது என்பதைப் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் தந்தார்கள். ஆகவே இது அரைப் பக்கத்துக்குள் அடங்கவில்லை. சுவாமியார் மன்னிக்கவேண்டும், அது அவருடைய தொழில்.

நான் ஜெர்மனியிலிருந்து லண்டனுக்கு வந்தவன். பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்றாள் மனைவி. பிள்ளைகள் படித்தார்கள். நான் இன்னொரு மொழியை முதலிலிருந்து பிழையாகப் பேசப் பழகினேன். அங்கே ஒரு தொழிற்சாலையில் கேபிள் முனைகளைப் பொருத்திய கைப்பழக்கம் இருந்தபடியால், இங்கே வீடு வீடாகப் போய் புரோட்பாண்ட் இணைப்புக் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. பயிற்சி சில கிழமைகள். ஏணியில் ஏறுவது எப்படி என்று பல நாளும், இணையம் என்றால் என்ன என்று ஒரு பின்னேரமும் சொல்லித் தந்தார்கள். மிச்சத்தை வாடிக்கையாளர்கள் சொல்லித் தந்தார்கள், பெரும்பாலும் கோபத்தோடு.

எங்கள் மேற்பார்வையாளர் கெவின். காலையில் வேலை எடுக்க டிப்போவுக்குப் போனால் கையில் தேநீர்க் கோப்பையுடன் நின்றுகொண்டிருப்பார். அவர் உட்கார்ந்து நான் கண்டதில்லை, சத்தம் போட்டும் கண்டதில்லை. எந்தப் பிரச்சினையைக் கொண்டுபோனாலும் ஒரு வாய் குடித்துவிட்டு ஒரே கேள்வியைத்தான் கேட்பார்: "இணையம் இல்லையா, வைஃபை இல்லையா?"

இதை விளங்கப்படுத்திவிடுகிறேன், சுவாமியார் கேட்டதும் இதுதான். தெருவிலிருந்து ஒரு கம்பி உங்கள் வீட்டுச் சுவருக்குள் வருகிறது. அதன் வழியே வருவது இணையம். கம்பியில் வருவதை வீட்டுச் சாமான்களுக்கு விளங்கும்படி மாற்றுவது மோடம். மாற்றியதைத் தொலைக்காட்சிக்கு இது, மகளின் கைபேசிக்கு இது என்று பிரித்து அனுப்புவது ரூட்டர். இப்போது இரண்டையும் ஒரே பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். அந்தப் பெட்டியிலிருந்து உங்கள் கைவரைக்கும் காற்றில் வரும் கடைசித் துண்டுப் பயணம் மட்டும்தான் வைஃபை. வைஃபை நன்றாக இருக்க இணையம் செத்துப் போயிருக்கலாம். இணையம் உயிரோடு இருக்க, வைஃபை குசினிச் சுவரைத் தாண்ட முடியாமல் நிற்கலாம். எங்கள் சனத்துக்கு இரண்டும் ஒன்றுதான். "நெற் இல்லை" என்பார்கள்.

கெவினின் ஒழுங்கு, வெளியிலிருந்து உள்ளே. முதலில் கம்பி சுவருக்குள் வரும் இடத்தில் சோதனைக் கருவியைக் கொழுவிப் பார்க்கவேண்டும். அது சரியென்றால் பெட்டியின் விளக்குகள். பிறகு வைஃபை. வாடிக்கையாளர் கையில் வைத்துக்கொண்டு திட்டும் சாமானைக் கடைசியில்தான் தொடவேண்டும். "அவர்கள் கண்டதை நம்பு, அதற்கு அவர்கள் வைக்கும் பெயரை நம்பாதே" என்பார். இந்த ஒழுங்கைக் குழப்பி, முதலிலேயே கைபேசியை வாங்கி நோண்டிய ஒருவனை அவர் ஏசவில்லை. ஒரு மாதம் ஏணி வேலைக்கு மட்டும் அனுப்பினார், அதுவும் மழைக்காலத்தில்.

நிறுவனம் எங்களுக்கு உவமைகள் அடங்கிய ஒரு கைநூலும் தந்திருந்தது. பாண்ட்வித் தண்ணீர்க் குழாய் மாதிரி, அகலமாக இருந்தால் கூடப் போகும். ஐ.பி. முகவரி வீட்டு விலாசம் மாதிரி, அது இருந்தால்தான் அனுப்பியது வந்து சேரும். வெள்ளைக்காரர்களிடம் இதைச் சொன்னால் தலையாட்டிவிட்டுத் தேநீர் தருவார்கள். எங்கள் ஆட்கள் உவமைக்குள் இறங்கி நின்று விசாரிப்பார்கள். வால்தம்ஸ்டோவில் ஒரு கடைக்காரரிடம் குழாய்க் கதையைச் சொன்னேன். "அப்ப இரவில பைப்பைப் பூட்டிப்போட்டுத்தானே படுக்கிறன், அதுக்கும் ஏன் காசு எடுக்கிறியள்?" என்றார். வெஸ்ட் ஈலிங்கில் ஒருவர் விலாசம் என்ற சொல்லைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"விலாசமெல்லாம் குடுக்கேலாது தம்பி. என்ர அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லை."

"இது அந்த விலாசம் இல்லை அண்ணை. இடைக்கிடை அது தானா மாறியும் போகும்."

"அப்ப நல்லம். நானும் அப்பிடித்தான்," என்று கையெழுத்துப் போட்டார்.

படுக்கப் போகுமுன் வீட்டிலுள்ள சுவிட்சுகள் எல்லாவற்றையும் நிற்பாட்டுவது எங்களுடைய இன்னொரு பழக்கம். ரூட்டரையும் சேர்த்து நிற்பாட்டிவிடுவார்கள். நிறுவனத்தின் இயந்திரத்துக்கு மின்கட்டணம் பற்றிய கவலை தெரியாது. இணைப்பு நாள்தோறும் அறுகிறது, கம்பி பலவீனம் போலிருக்கிறது என்று முடிவுகட்டி வேகத்தைக் குறைத்துவிடும். பிறகு நெற் நடக்கிறதேயொழிய ஓடவில்லை என்று எங்களுக்குத் தொலைபேசி வரும். ரூட்டரை நிற்பாட்டாதீர்கள் என்று எத்தனை வீட்டில் சொல்லியிருப்பேன். "ஓம் ஓம்" என்பார்கள். நான் தெருமுனையைத் தாண்டும்வரை அது எரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

இப்படிப்பட்ட வீடுகள் பல மறந்துபோயின. செவன் கிங்ஸில் ஒரு வீடு மறக்கவில்லை.

அன்று காலை என் முதல் வேலையைத் தரமுன் கெவின் அதை இரண்டு தரம் வாசித்தார். உதவி இலக்கத்தில் பேசிய பெண் இப்படிக் குறித்திருந்தாள்: ரூட்டரின் விளக்கு என்ன நிறம் என்று பார்க்க வாடிக்கையாளர் மறுக்கிறார். ரூட்டர் வீட்டுக்குள்தான் இருக்கிறது. முப்பத்தொரு நாளுக்குப் பிறகு பார்ப்பதாகச் சொல்கிறார். இணைப்பு உடனடியாகத் தேவை.

கெவின் சிரிக்கவில்லை. வாடிக்கையாளரின் பெயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒரு வாய் குடித்தார். "இணையமா, வைஃபையா?"

"கெவின், இது துடக்கு."

தெரிந்த ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தினேன். சைவக்காரர் வீட்டில் ஒரு சாவு நடந்தால் அந்தக் குடும்பத்துக்குத் தீட்டு. இத்தனை நாள் என்று கணக்கு உண்டு. அதுவரை சாமி அறையைத் திறக்கமாட்டார்கள், விளக்கு ஏற்றமாட்டார்கள். இவர்களுடைய ரூட்டர் அந்த அறைக்குள் இருக்கவேண்டும். கெவின் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதற்கு ஒரு குறியீடு இருக்கிறதா?" என்றார். எங்களிடம் ஒவ்வொரு பழுதுக்கும் ஒரு குறியீடு உண்டு. திரையில் மேலும் கீழும் தேடினார். ஆகக் கிட்ட வந்தது, நாய் நிற்பதால் உள்ளே போக முடியவில்லை என்பது. அதைப் போட அவருக்கு மனம் வரவில்லை. "முதலில் நீ போய்ப் பார்," என்று அனுப்பினார்.

கதவைத் திறந்தவர் செல்வரத்தினம் அண்ணை. ஏதோ ஒரு கோயிலின் நிர்வாகசபையில் இருப்பவர், அதைக் கதவைத் திறந்த விதமே சொன்னது. ஹோல் நிறையச் சொந்தக்காரர். நடுவில் ஓர் உயரமான நாற்காலியில் அவருடைய மனைவி தவமணி அக்கா இருந்தார். இடுப்பில் ஒப்பரேசன் முடிந்து சில நாள்தான், எழும்புவதென்றால் இரண்டு பேர் பிடிக்கவேண்டும். யாழ்ப்பாணத்தில் செத்தது அவருடைய தாய். விமானம் ஏறவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அங்கே செத்த வீட்டைக் கமெரா வைத்து நேரடியாக இணையத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள். சவப்பெட்டி மூடமுன் தாயின் முகத்தை ஒருதரம் பார்க்கவேண்டும், அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். அவருக்கு முன்னால் பெரிய தொலைக்காட்சி ஒரு வட்டத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தது.

"போனில காட்டலாமே?" என்று கேட்டேன்.

அந்தத் தெருவில் கைபேசிக்குச் சிக்னல் எடுப்பது மேல்மாடிக் கழிவறை ஜன்னலுக்குப் பக்கத்தில் மட்டும்தானாம். அப்போதும் ஒரு மருமகன் அங்கே நின்று யாழ்ப்பாணத்தோடு கதைத்துக்கொண்டிருந்தான். அக்காவால் படி ஏற முடியாது. தூக்கிக்கொண்டு போகலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"அம்மான்ர முகத்தைக் கக்கூசில இருந்தோ தம்பி நான் பாக்கிறது?" என்றார் அக்கா. 

சாமி அறை மாடிப்படிக்குக் கீழே இருந்தது. கதவு சாத்தி, குறுக்கே வெள்ளைத் துணி கட்டியிருந்தது. தெருக்கம்பி வீட்டுக்குள் வருவதும் அதற்குள்தான். சாமி இருந்த இடத்துக்கு ரூட்டர் வந்ததா, ரூட்டர் இருந்த இடத்துக்குச் சாமி வந்ததா என்று நான் கேட்கவில்லை.

"ஆராவது திறந்து பாக்கலாமே, அண்ணை?"

"ஆர் திறக்கிறது? இஞ்ச நிக்கிற எல்லாரும் துடக்குக்காரர். கட்டிக் குடுத்த பொம்பிளைப் பிள்ளைக்கு மூண்டு நாள்தான் எண்டும் சொல்லுவினம், முப்பத்தொண்டு எண்டும் சொல்லுவினம். குறைச்சுப் பிடிச்சுப் பிழைவிடுறதிலும் பாக்கக் கூட்டிப் பிடிக்கிறது நல்லம்."

"அப்ப நான் திறக்கிறன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி ஊரில எவடம்?"

யாழ்ப்பாணத்தாருக்கு இந்தக் கேள்வியை விளங்கப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஊரைக் கேட்டு, ஊருக்குள் இடத்தைக் கேட்டு, அதை வைத்து ஆள் என்ன சாதி என்று கணக்குப் பார்ப்பார்கள். ஐ.பி. முகவரியைவிடத் துல்லியமானது, இடைக்கிடை மாறவும் மாறாது.

"பாஷையூர்," என்றேன்.

"வேதமோ?" கிறிஸ்தவனா என்று கேட்கிறார்.

"ஓம்."

என் அப்பு இவருடைய ஊருக்கு மீன் கொண்டுபோயிருந்தால் படலைக்கு வெளியே நின்று கொடுத்துவிட்டுத் திரும்பியிருப்பார். மகனைச் சாமி அறைக்குள் விடலாமா என்று இவர் நின்று யோசித்தார். எனக்குக் கோபம் வந்தது. கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம், உள்ளே விடவில்லை என்று கெவினிடம் சொன்னால் நாய்க் குறியீட்டைப் போட்டிருப்பார். ஆனால் என் அம்மா செத்தபோது நான் ஜெர்மனியில் இருந்தேன். அடக்கம் முடிந்து ஒரு கிழமைக்குப் பிறகுதான் எனக்குச் செய்தியே வந்தது. அந்த நாற்காலியைப் பார்த்துவிட்டு என்னால் போக முடியவில்லை.

மேலிருந்து மருமகன் கத்தினான்: "இராகுகாலத்துக்கு முதல் பெட்டி மூடவேணும் எண்டு ஐயர் சொல்லுறாராம்."

"இஞ்சேருங்கோ," என்றார் தவமணி அக்கா, கணவரைப் பார்த்து. "அவர் திறக்கட்டும். பாவம் வந்தால் எனக்கு வரட்டும்."

செல்வரத்தினம் அண்ணை தொண்டையைச் செருமினார். "வேதக்காரருக்குத் துடக்கு இல்லைத்தானே. அதோட அவர் வேலைக்கு வந்தவர்," என்று பொதுவாக ஒரு தீர்ப்புச் சொன்னார். திறந்திருக்கும் சாமி அறையைத் தான் பார்க்கக்கூடாது என்று மாடிக்கும் போய்விட்டார். மருமகன் இறங்கி வந்தான், கழிவறை ஜன்னலை அவர் பொறுப்பேற்றார்.

நிறுவனத்தின் விதிப்படி பாதுகாப்புச் சப்பாத்தைக் கழற்றக்கூடாது, அதற்கு மேலே நீலப் பை ஒன்றைப் போட்டுக்கொள்ளவேண்டும். அன்று இரண்டையும் கழற்றிவிட்டு உள்ளே போனேன். இரண்டாவது தட்டில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் ரூட்டர் இருந்தது. அதற்கும் ஒரு சந்தனப் பொட்டு வைத்திருந்தார்கள். அதில் விளக்கு ஒன்றும் எரியவில்லை. ஒழுங்கு தவறாமல் முதலில் கம்பியைச் சோதித்தேன். கம்பியில் ஒரு குறையும் இல்லை.

குறை சுவரில் இருந்தது. சாமி விளக்குக்கும் ரூட்டருக்கும் ஒரே சுவிட்ச். சாவுச் செய்தி வந்ததும் அண்ணை விளக்கை அணைக்க அந்தச் சுவிட்சை நிற்பாட்டிவிட்டுக் கதவைச் சாத்தியிருக்கிறார். அதோடு நெற்றும் போயிற்று. பிறகு நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்து நெற்றை வெட்டிவிட்டீர்கள் என்று ஏசியிருக்கிறார். நான் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

சுவிட்சைப் போட்டேன். ரூட்டரோடு சாமி விளக்கும் சேர்ந்து எரிந்தது. ஹோலில் "சிவ சிவா" என்று ஒரு குரல் கேட்டது. வாடிக்கையாளரின் வேறு மின்சாமான்களில் கைவைக்கக்கூடாது என்பது இன்னொரு விதி.

"அக்கா, விளக்கின்ர பிளக்கைக் கழட்டட்டோ?"

"கழட்டுங்கோ தம்பி. கெதியாக் கழட்டுங்கோ."

கழற்றினேன். ரூட்டரின் விளக்கு செம்மஞ்சளாக எரிந்து, மினுங்கி, நீலமாக மாறச் சில நிமிடம் பிடிக்கும். யார் குத்தி முறிந்தாலும் அதைக் குறைக்க முடியாது. நான் மாதாவை மன்றாடியும் பார்த்திருக்கிறேன், பலனில்லை. அக்கா சுழலும் வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நீலம் வந்ததுதான் தாமதம், ஹோலில் இருந்த எல்லாக் கைபேசிகளும் ஒன்றாக ஒலித்தன. அதுவரை வர வழியில்லாமல் கிடந்த அனுதாபச் செய்திகளும் படங்களும் ஒன்றாக வந்து இறங்கின. தொலைக்காட்சியில் பாதி மாலையும் ஒருவருடைய தோளும் தெரிந்து, அப்படியே நின்றுவிட்டது. பாண்ட்வித் என்று கைநூலில் இருந்தது இதுதான். வருகிற அளவு ஒன்று, பங்கு போடுகிறவர்கள் அதிகம்.

"எல்லாரும் போனில வைஃபையை நிப்பாட்டுங்கோ," என்றேன்.

மற்றவர் முதலில் நிற்பாட்டட்டும் என்று ஒவ்வொருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தவமணி அக்கா திரும்பாமலே சொன்னார்: "நிப்பாட்டாத ஆக்கள் எழும்பிப் போங்கோ."

படம் தெளிந்தது. பெட்டிக்குள் ஒரு சின்ன முகம், நெற்றி நிறைய விபூதி. தவமணி அக்கா "அம்மா" என்றார், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கக்கூடிய ஒருவரைக் கூப்பிடுவதுபோல. அதற்குப் பிறகுதான் அழுதார்.

அப்போது மேலிருந்து செல்வரத்தினம் அண்ணையின் குரல் வந்தது: "மூடியாச்சாம்."

திரையில் பெட்டி திறந்துதான் இருந்தது. ஒரு பேத்தி குனிந்து பூ வைத்துக்கொண்டிருந்தாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், நான் ஏதோ பழைய படத்தைப் போட்டு ஏமாற்றுவதுபோல.

இதற்கு எங்கள் தொழிலில் லேற்றன்சி என்று பெயர். பிந்தி வருவது என்று வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசிக் குரல் கிட்டத்தட்ட உடனே வந்துவிடும். நேரடி என்று சொல்லிக் காட்டும் படமோ கமெராவிலிருந்து எங்கேயோ உள்ள ஒரு கணினிக்குப் போய், இடையில் நிற்காமல் ஓடுவதற்காகக் கொஞ்சம் சேர்ந்தபிறகுதான் வீட்டுக்கு வரும். அரை நிமிடமோ, அதற்கு மேலோ பிந்தும். நிறுவனத்தின் கணக்கில் அது ஒரு குறைபாடு, குறைக்கவேண்டியது.

"அங்க மூடிப்போட்டினம் அக்கா," என்றேன். "இஞ்ச வர இன்னும் கொஞ்ச நேரம் இருக்கு."

எத்தனையோ பேருக்கு எத்தனையோ விதமாக இதை விளங்கப்படுத்தியிருக்கிறேன். இவ்வளவு விரைவாக ஒருவருக்கும் விளங்கியதில்லை. திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: "இதை இன்னும் கொஞ்சம் பிந்த வைக்க ஏலுமோ, தம்பி?"

வேலை செய்த காலம் முழுவதும் என்னிடம் எல்லாரும் வேகம்தான் கேட்டார்கள். இந்தக் கேள்விக்குக் கைநூலில் பதில் இல்லை. மேசையில் கிடந்த ரிமோட்டை எடுத்து அவருடைய கையில் கொடுத்து, இரண்டு கோடு போட்ட பொத்தானின் மேல் பெருவிரலை வைத்துவிட்டேன். "உங்களுக்கு வேணும் எண்டேக்க அமத்துங்கோ, அக்கா."

பேத்தியின் கை விலகும்வரை பார்த்திருந்து அமத்தினார். முகம் முழுதாகத் தெரிய, படம் நின்றது. சோதனைக் கருவியின் வயரைச் சுற்றுகிற சாட்டில் குனிந்துகொண்டேன்.

செல்வரத்தினம் அண்ணை படியால் இறங்கி வந்து, அசையாத படத்தைக் கண்டார்.

"பாத்தியளே, திரும்பவும் நிண்டுபோச்சு. தம்பி, போறதுக்கு முதல் ஒருக்கா என்னெண்டு பாருங்கோ."

"நெற் நல்லாத்தான் இருக்கு," என்றார் தவமணி அக்கா. "நான்தான் மூட விடேல்லை."